துடைப்பம் படாத தோட்டம்

முன்னொரு காலத்தில், துடைப்பத்துக்கு ஓய்வே கொடுக்காத ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அதை ஆண்டவர் வயிரமுடி மகாராஜா. அவருடைய அரண்மனைத் தோட்டத்தில் ஓர் இலை உதிர்ந்தால், அது தரையைத் தொடுமுன் ஒருவன் கூடையோடு ஓடிவருவான். செடிகளை மயிலாகவும் அன்னமாகவும் கத்தரித்து நிறுத்தியிருந்தார்கள். பூச்சி புழு அண்டாதிருக்க வாரம் இருமுறை வேப்பம்புகை. தடாகத்தின் பளிங்குச் சுவரைத் தேய்த்த தேய்ப்பில், தவறி விழுந்த தவளைகூட ஏறி வர முடியாது. இத்தனையும் தோட்டாதிகாரி வல்லபராயரின் கைங்கரியம். அவருடைய மீசைக்கும் அதே கத்தரிதான் என்று ஊரில் பேச்சு.

ஒருநாள் காலை, மலைநாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மகாராணி உப்பரிகையில் நின்றபடி கேட்டாள்.

"ஏன் சுவாமி, உங்க தோட்டத்துக்குக் காக்காயைத் தவிர வேற ஒண்ணும் வராதா? எங்கப்பா வீட்டுக் கொல்லைக்கே நாற்பது வகைப் பறவை வருமே!"

மகாராஜா இரண்டு போர்களில் தோற்றவர். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். மாமனாரிடம் தோற்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. நேரே சபைக்கு வந்தார்.

"நம் தோட்டத்திலும் நாற்பது வகைப் பறவைகள் வரவேண்டும். தாமாக வந்து என் கண்ணெதிரே நிற்கவேண்டும். யாரால் முடியும்?"

சபையில் எல்லோரும் தத்தம் கால்விரலை ஆராய்ந்தார்கள். வல்லபராயர் மட்டும் எழுந்தார். விகடகவி அம்பலத்தாடி மகாராஜாவுக்குப் பக்கத்து இலையில் சாப்பிடுவது பன்னிரண்டு வருஷமாக அவர் தொண்டையில் முள்ளாக நின்றது.

"பிரபு, நம் அம்பலத்தாடியால் முடியாததும் உண்டா? ஆனால் வித்தை சுத்தமாக இருக்கவேண்டும். கூண்டு, வலை, கண்ணி கூடாது. தானியம் இறைக்கக் கூடாது. தோட்டத்தில் ஓர் இலையைக்கூட அவர் தொடக் கூடாது. தை முதல் நாளன்று நாற்பது வராவிட்டால், பெண்டு பிள்ளைகளோடு நாட்டின் எல்லையைத் தாண்டிவிட வேண்டும்."

"பேஷ்!" என்றார் மகாராஜா. மாமனார் நினைப்பிலிருந்தவர், யாரை நாடு கடத்துகிறோம் என்பதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அம்பலத்தாடி கைகட்டி எழுந்தான்.

"சித்தம், மகாராஜா. ஒரே ஒரு விண்ணப்பம். நான் இலையைத் தொடமாட்டேன். ஆனால் வேறு யாராவது தொட்டு, அதனால் பறவை வந்தால், 'ஆள் வைத்துச் செய்தான்' என்று நாளைக்கு ராயரே சொல்லுவார். அவர் மனசு எனக்குத் தெரியும், தங்கமான மனசு. ஆகவே தை பிறக்கும்வரை யாருமே தொடக் கூடாது என்று ஆணையிட வேண்டும்."

தன் கழுத்துச் சுருக்கைத் தானே இறுக்குகிறானே என்று ராயருக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. ஆணையை அவரே ஓலையில் எழுதி, அவரே முத்திரையும் வைத்தார். அப்போது ஆடி மாதம்.

வீட்டில் மனைவி பெரியநாச்சி முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டாள்.

"சட்டிபானையைக் கட்டவா?"

"கட்டி வை. முடிச்சை மட்டும் இறுக்காதே. அவிழ்க்க வேண்டியிருக்கும்."

"எல்லையைத் தாண்டி எங்கே போறது? உங்களுக்கு இப்பவும் விகடம்!"

"எனக்கும் பயம்தான். ரெண்டு பேரும் பயந்து உட்கார்ந்தா சோறு யார் வடிக்கிறது?"

மறுநாள் ஆடிக்காற்றில் முதல் இலை விழுந்தது. துடைப்பக்காரன் பழக்கதோஷத்தில் ஓடினான். அம்பலத்தாடி மதிலுக்கு வெளியிலிருந்து ஓலையைத் தூக்கிக் காட்டினான். "அண்ணே, ராயர் முத்திரை!" துடைப்பக்காரன் நின்றுவிட்டான். ராயரே குனிந்து எடுக்கப் போனார். தன் முத்திரை ஞாபகம் வந்து, பாதிக் குனிவில் நின்றார்.

சரி, புகையாவது போடலாம் என்று பார்த்தார். "புகை இலையைத் தொடுமா, தொடாதா?" என்று அம்பலத்தாடி பணிவாகச் சந்தேகம் கேட்டான். பண்டிதர்கள் நான்கு நாள் வாதாடி, தொடும் என்று தீர்ப்பளித்தார்கள்.

புரட்டாசியில் சருகு கணுக்கால் ஆழம். கத்தரித்த மயிலுக்கு மூன்று தலை முளைத்து அது வெறும் புதரானது. புல் கதிர் விட்டது. பட்டுப்போன மாங்கிளையைச் சுற்றிலும் பச்சை இலை, எனவே வெட்ட வழியில்லை. தடாகத்தின் ஒரு மூலையில் வண்டல் படிந்து, சிட்டு குளிக்கும் ஆழத்துக்கு நீர் நின்றது. சருகுக்கடியில் புழு வந்தது. புழுவுக்குப் பின்னால், புழுவைத் தேடுகிறவர்கள் வந்தார்கள். முதலில் தவிட்டுக்குருவிகள், ஏழெட்டாகச் சேர்ந்து சபை மாதிரியே ஓயாமல் சச்சரவிட்டுக்கொண்டு. ஐப்பசி மழைக்குப் பின், எந்தத் தேசமென்று தெரியாத விருந்தாளிகளும் இறங்கினார்கள்.

தை முதல் நாள் விடிந்தது. ராயரின் கடைசி ஆயுதம் மரியாதை. மகாராஜாவைப் பதினெட்டு முரசு, நான்கு சங்கு, ஒரு கட்டியக்காரன் சகிதம் அழைத்துவந்தார். "ராஜாதிராஜ, ராஜகம்பீர…" என்று கட்டியக்காரன் தொடங்கியதும் தோட்டமே ஒரு முறை சிறகடித்தது. பிறகு ஒன்றுமில்லை.

"பிரபு, இருந்த காக்காயையும் காணோம்" என்றார் ராயர், துக்கத்தோடு.

மகாராஜாவின் முகம் சிவந்தது. வாசலில் பெரியநாச்சி மூட்டையோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் நிற்பது அம்பலத்தாடிக்குத் தெரிந்தது. ஆனாலும் பேசினான்.

"மகாராஜா, பறவைகள் தங்கள் கண்ணெதிரே வரவேண்டும் என்பதுதான் ஆணை. முரசின் எதிரே வரவேண்டும் என்று இல்லையே. முரசுகளை அனுப்பிவிடுங்கள். கிரீடம் வெயிலில் மின்னுகிறது, கழற்றி வையுங்கள். நான்கு நாழிகை அந்தப் புன்னையடியில் மரம்போல உட்காருங்கள். எண்ணுவதற்கு ராயரே இருக்கட்டும். என்னை நம்பவேண்டாம்."

"நானா? மரமா?"

"ஒரு நாளைக்கு மட்டும்."

மகாராஜா உட்கார்ந்தார். விசிறுவதற்கும் துதிப்பதற்கும் ஆளில்லாமல் அவர் உட்கார்ந்தது பிறந்தபிறகு இதுவே முதல் தடவை. கொஞ்ச நேரம் தன் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு தேன்சிட்டு ஒன்று பூவில் தலைகீழாகத் தொங்கியது. மாங்குயில் மஞ்சளாக ஒரு கோடு கிழித்துப்போனது. பட்ட மாங்கிளையில் மரங்கொத்தி தட்டியது. கொண்டலாத்தி தரையில் இறங்கி, கொண்டையை விசிறிபோல விரித்து மூடியது. அவர் கழற்றி வைத்த கிரீடத்தைவிட அது நன்றாகப் பொருந்தியிருந்தது. பழுப்பாக உட்கார்ந்திருந்த பனங்காடை எழுந்தபோது, சிறகுக்குள் மடித்து வைத்திருந்த நீலம் முழுவதும் ஒரு கணம் வெளியே வந்தது. நீண்ட வெள்ளை வால் நாடாவாகத் துவள, ஈப்பிடிப்பான் ஒன்று தடாகத்தைத் தொட்டு எழுந்தது. மகாராஜாவின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. தன் நாட்டில் இத்தனை நிறம் இருப்பதை யாரும் அவரிடம் அறிவித்ததில்லை.

நான்காம் நாழிகையின் முடிவு. ராயரின் உதடு அசைந்தது: "முப்பத்தொன்பது." மீசைக்கடியில் ஒரு புன்னகை. அம்பலத்தாடி கண்களை மூடிக்கொண்டான்.

அப்போது சருகு சலசலத்தது. யாரோ ஒவ்வோர் இலையாகப் புரட்டிப் பார்க்கிற மாதிரி. உள்ளேயிருந்து கைப்பிடியளவு பறவை ஒன்று நடந்து வந்தது. முதுகு பச்சை, தோளில் நீலம், அடிவயிற்றில் குங்குமம், கண்ணை மறைத்துக் கரும்பட்டை. தோட்டக்கள்ளன் என்று ஊரார் சொல்லும் குருவி. ராயரின் கால்விரலுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, சருகைக் கிளறி ஒரு மண்புழுவை இழுத்தது. தலையைச் சாய்த்து அவரை நிமிர்ந்து பார்த்தது.

பன்னிரண்டு வருஷம் அவர் காத்த தோட்டம். அவரைத் தேடி இப்படி ஒன்று வந்ததே இல்லை. அவரைக் கேட்காமலே அவர் வாய் சொல்லிவிட்டது.

"நாற்பது."

மகாராஜா சிரித்தார். சத்தமில்லாமல், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். பறவை சாப்பாட்டைத் தொடர்ந்தது. அது சருகுக்குள் மறைந்தபிறகுதான் அவர் கிசுகிசுத்தார்.

"அம்பலத்தாடி, இவையெல்லாம் இத்தனை நாள் எங்கே இருந்தன?"

"மதிலுக்கு வெளியேதான், மகாராஜா. நாம் பெருக்கி முடிக்கட்டும் என்று காத்திருந்தன."

மகாராஜா கழுத்திலிருந்த முத்துமாலையை, முத்தோடு முத்து மோதாமல் மெல்லக் கழற்றி அவன் கையில் வைத்தார். ராயரை என்ன செய்யலாம் என்றும் கேட்டார்.

"பதவியிலேயே இருக்கட்டும். எண்ணிக்கையில் நேர்மையானவர்."

அன்றுமுதல் தோட்டத்தில் ஒன்றும் செய்யாதிருப்பதே ராயரின் வேலை. அந்த ராஜ்ஜியத்தில் ஒன்றும் செய்யாத அதிகாரிகள் முன்பும் இருந்தார்கள். அதை ஒழுங்காகச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

பெரியநாச்சி வாசலிலேயே மூட்டையை அவிழ்த்தாள். முடிச்சு இறுகவில்லை. மகாராஜா விடியற்காலைதோறும் கிரீடமில்லாமல் புன்னையடியில் மரமாக உட்கார, கட்டியக்காரன் மட்டும் பழக்கத்தை விடமுடியாமல், மதிலுக்கு வெளியே நின்று பட்டப்பெயர்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.