அரண்மனைப் பாம்புக்கு ஒரு குதிர்

முன்னொரு காலத்தில், பாம்புக்கும் வீடு பார்த்துக் குடிவைக்க வேண்டியிருந்த காலத்தில், ஏழ்சுனை என்று ஒரு நாடு இருந்தது. ராஜா போருக்குப் போய்த் திரும்பாததால் ராணி குழல்மொழிதான் நாட்டை ஆண்டுவந்தாள். அவளுக்கு ஒரே மகள், செண்பகம். வயது ஏழு. அந்தப் பெண் ஒரு நாள் காலையில் அல்லிக்குளத்துக்குப் பூப்பறிக்கப் போனாள். போனவள் போனவள்தான். கரையில் ஒற்றைக் கொலுசு மட்டும் கிடந்தது.

அன்று மத்தியானமே கருங்கண்டன் என்ற மந்திரவாதி அரண்மனைக்கு வந்துசேர்ந்தான். கழுத்தில் துண்டு போடுகிற இடத்தில் ஒரு கருநாகத்தைப் போட்டிருந்தான். காவலர்கள் ஈட்டிகளைக் கீழே போட்டுவிட்டு விலகி நின்றார்கள்.

"அழாதே மகாராணி. உன் மகளின் உயிர் இந்தப் பாம்புக்குள் இருக்கிறது. இதைச் செல்லமாக வளர்த்து வா. வளர வளர வீட்டை மாற்று. மூன்றாவது வீட்டின் மூடியை நீ உன் கையால் மூடு. மூடியதும் உன் மகள் வாசலில் வந்து நிற்பாள்."

ராணி சரி என்றாள். பெற்றவள் வேறென்ன சொல்வாள்? மந்திரவாதி கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னான்: "இது யார் பக்கத்திலாவது நெட்டுக்க நீட்டிப் படுத்தால், அந்த ஆளை விழுங்க முடியுமா என்று அளவெடுக்கிறது. அப்போது நிற்காதே. ஓடிவிடு."

சாயங்காலம் ராணி கூடத்தில் பாய் விரித்து அழுதுகொண்டே படுத்திருந்தாள். கருநாகம் மெதுவாக ஊர்ந்து வந்தது. அவள் பக்கத்தில், தலைக்குத் தலை நேராக, நெட்டுக்க நீட்டிப் படுத்தது. ராணி எழுந்து ஓடியே போனாள். அதற்கப்புறம் அவள் அதன் பக்கமே போகவில்லை. செல்லப்பாம்பு என்று பெயர் மட்டும்தான். முட்டையை நீளக் கழியில் வைத்து நீட்டினார்கள்.

வருஷம் ஒன்று ஆனது. மந்திரவாதி வந்தான். கைதட்டிக்கொண்டே சொன்னான்: "வளருது வளருது பாம்பு, போதாது போதாது வீடு." கூடை முடைகிறவன் வந்து பெரிய பிரம்புக்கூடை முடைந்தான். பாம்பு அவன் பக்கத்தில் நெட்டுக்க நீட்டிப் படுத்தது. அவன் அலறி எழுந்து, கழியால் பாம்பை உள்ளே தள்ளி, நடுங்கும் கையால் மூடியைப் போட்டுவிட்டு ஊரைவிட்டே ஓடினான். மூடி விழுந்த அன்றே பாம்பு ஒரு சுற்றுப் பருத்துவிட்டது.

வருஷம் இரண்டு ஆனது. "வளருது வளருது பாம்பு, போதாது போதாது வீடு." குயவர் வந்து ஆளுயரப் பானை வனைந்தார். அவர் பக்கத்திலும் பாம்பு நெட்டுக்க நீட்டிப் படுத்தது. அவரும் நடுங்கும் கையால் மூடிவிட்டு ஓடினார். பாம்பு ஆள் தொடைத் தடிமனுக்கு வந்துவிட்டது. கண் இரண்டும் கங்காகச் சிவந்துபோயின. பானைக்குள்ளிருந்து அது சீறுகிற சத்தம் கடைவீதிவரைக்கும் கேட்டது. ஊரில் பிள்ளைகளை வெளியே விடுவதை நிறுத்தினார்கள். பாம்பு பத்து முழம் என்றார்கள், இருபது முழம் என்றார்கள். அளந்து பார்த்த ஆள்தான் ஒருவரும் இல்லை.

வருஷம் மூன்றும் ஆனது. பானை விரிசல் விட்டது.

செம்மண்மேட்டில் முத்தாலு என்று ஒருத்தி இருந்தாள். தானியம் கொட்டி வைக்கிற மண் குதிர் செய்வது அவள் தொழில். வீட்டில் நண்டும் சிண்டுமாக மூன்று பிள்ளைகள். அரண்மனை ஆள் வந்து கூப்பிட்டபோது அவள் பிள்ளைகளைத்தான் திரும்பிப் பார்த்தாள். மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பிள்ளைகளைப் புருஷனிடம் ஒப்படைத்துவிட்டு, அளவுக்கயிற்றை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள்.

அங்கே ஏற்கெனவே கொல்லன் ஒரு இரும்புக் கூண்டோடும், கல்தச்சன் ஒரு கல்தொட்டியோடும் நின்றார்கள். எது நல்லது என்று ராணி முத்தாலுவிடமே கேட்டாள். கூண்டில் கம்பிக்குக் கம்பி உரசித் தோல் கிழிந்துவிடும், கல்தொட்டி குளிரில் சில்லிட்டுப்போகும், மண் என்றால் வெயிலுக்குக் குளுமை, பனிக்குக் கதகதப்பு என்றாள் முத்தாலு. பாம்புக்கு எது சுகம் என்று இவள் ஒருத்திதான் யோசித்தாள் என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மந்திரவாதிக்கு எந்த வீடானாலும் ஒன்றுதான். மூடி இருந்தால் போதும்.

அரண்மனை முற்றத்தில் வேலை நடந்தது. களிமண்ணும் வைக்கோலும் மிதித்துக் குழைத்து, வளையம் வளையமாக ஏற்றி, ஒரு வளையம் காய்ந்தபின் அடுத்தது. பத்தே நாளில் இரண்டு ஆள் உயரத்துக்குக் குதிர் எழும்பிவிட்டது. மேலே ஏறி நிற்க மரத்தில் ஒரு பரண் கட்டினார்கள். இடையிடையே முத்தாலு முற்றத்துத் தூணைப் பார்ப்பாள். தூணில் குங்குமத்தில் குறுக்காக ஏழு கோடுகள், ஒன்றுக்கு மேல் ஒன்று. அது என்ன என்று கேட்டபோது ராணியின் முகம் சுருங்கியது. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் மகளை அங்கே நிறுத்தி வளர்த்தி பார்ப்பது வழக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். முத்தாலு வீட்டுக் கதவு நிலையிலும் அப்படிக் கரிக்கோடுகள் உண்டு.

குதிர் வேலையில் கடைசி வேலை உள்பூச்சு. செய்தவளே உள்ளே இறங்கி, ஈரக்கையால் சுவரைத் தடவி வழவழப்பாக்க வேண்டும். பதினோராம் நாள் காலையில் முத்தாலு ஏணி வைத்து உள்ளே இறங்கினாள். அடியிலிருந்து பூசிக்கொண்டே வந்தாள். திடீரென்று ஏணி மேலே போனது. அண்ணாந்து பார்த்தாள். குதிரின் வாயில் கருங்கண்டனின் முகம் தெரிந்தது.

"வளருது வளருது பாம்பு, போதாது போதாது வீடு. வீடு கட்டினவள்தானே குடிவைக்க வேண்டும்" என்று சொல்லி, ஆட்களை விட்டுப் பரணில் ஏற்றி வைத்திருந்த விரிசல் பானையை அப்படியே கவிழ்த்தான்.

தொப்பென்று விழுந்தது பாம்பு. முத்தாலு பின்வாங்கினாள். குதிருக்குள் ஓட இடம் எங்கே இருக்கிறது? கையெட்டும் தூரத்தில் சுவர், சுவர், சுவர். சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்குத் தன் கடைக்குட்டியின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. காலையில் அது தூங்கிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டோமே என்று நினைத்தாள்.

மேலே மந்திரவாதி ராணியைப் பரணில் ஏற்றி, குதிர்வாய்க்கு மேலே தொங்கிய மூடியின் கயிற்றைக் கையில் கொடுத்தான். மூடு என்றான். உள்ளே ஒரு பெண் இருக்கிறாளே என்றாள் ராணி. ஒருத்தி போனால் ஒருத்தி வருவாள், உனக்கு உன் மகள் வேண்டுமா வேண்டாமா என்றான் அவன். கயிறு ராணியின் கையில் நடுங்கியது. மூடி ஒரு சாண் இறங்கியது.

உள்ளே பாம்பு ஊர்ந்து வந்தது. முத்தாலுவின் காலைத் தொட்டது. பிறகு அவள் பக்கத்தில் சுவரோரமாக நெட்டுக்க நீட்டிப் படுத்தது.

அளவெடுக்கிறது, முடிந்தது கதை என்று முத்தாலு காத்திருந்தாள். பாம்பு அசையவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். தொடைத் தடிமன் பாம்பு, ஆனால் நீளம் மூன்று முழம்கூடத் தேறாது. பத்து முழம், இருபது முழம் என்றார்களே? இவ்வளவு பருமனுக்கு இவ்வளவு குட்டைப் பாம்பை அவள் பார்த்ததே இல்லை. தொழில்காரி புத்தி சும்மா இருக்குமா? உயிர் போகிற நேரத்திலும் கை தானாக இடுப்புக் கயிற்றை உருவியது. வால் நுனியில் வைத்து, நடுங்கி நடுங்கித் தலைவரைக்கும் கொண்டுவந்தாள். இரண்டே முக்கால் முழம். அளவை நிறுத்துவதற்காக அதன் தலைமேல் உள்ளங்கையை வைத்தாள்.

அப்போதுதான் அது நடந்தது. பாம்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு, தலையை அவள் உள்ளங்கையில் முட்டி, ஒரு விரல் நீளம் எக்கியது.

முத்தாலுவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவள் வீட்டுக் கடைக்குட்டியும் கதவு நிலையில் நிறுத்தினால் இதையேதான் செய்யும்.

"ராணியம்மா" என்று கீழேயிருந்து கூப்பிட்டாள். "மூடியை நிறுத்துங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், சொல்லிட்டு அப்புறம் மூடுங்க. உங்க மகளைத் தூணோரம் நிறுத்தி அளக்கும்போது அவ என்ன செய்வா?"

மேலேயிருந்து ராணியின் குரல் கேட்டது. "எக்குவாள். குதிகாலைத் தூக்கிக்கொண்டு எக்குவாள்."

"இதுவும் எக்குது, தாயே. இது யாரையும் முழுங்க அளக்கல. வளந்திருக்கேனான்னு பாக்கச் சொல்லுது. மூணு வருசமா ஒவ்வொருத்தர் பக்கத்துலயா வந்து படுத்து கேட்டிருக்கு. நாமதான் ஓடிட்டோம்."

பொய், மூடு, மூடு என்று மந்திரவாதி கத்தினான். பயந்த கை மூடிய மூடிதான் அவன் மந்திரத்துக்கு முத்திரை. மூன்றாவது முத்திரை விழுந்துவிட்டால் செண்பகம் என்றென்றைக்கும் பாம்பு, வாரிசில்லாத நாடு அவன் மடியில். ராணிக்கு அது ஒன்றும் தெரியாது. அவளுக்கு ஞாபகம் வந்ததெல்லாம் அந்த முதல் சாயங்காலம்தான். தலைக்குத் தலை நேராக வந்து படுத்ததே, அதைவிட்டு எழுந்து ஓடினேனே என்று நெஞ்சு வெடித்தது அவளுக்கு. கயிற்றை விட்டுவிட்டாள். குதிரின் விளிம்பில் குனிந்து, அந்தச் சிவந்த கண்களை முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தாள். பயம் போய்விடவில்லை. பயத்தோடேயே சொன்னாள், ஏழு பிறந்தநாளும் சொன்னதையே சொன்னாள்:

"கள்ளி, காலைக் கீழே வை."

பாம்புக்கு ஏது கால்? ஆனால் கேளுங்கள், கறுத்த தோல் வாலிலிருந்து பிளந்தது. பிளவுக்குள்ளிருந்து இரண்டு பாதங்கள் வந்தன. ஒன்றில் கொலுசு இருந்தது, ஒன்றில் இல்லை. பாதங்கள் மண்ணில் ஊன்றின. முத்தாலுவின் உள்ளங்கைக்கடியில் ஈரத் தலைமுடியோடு ஒரு பெண் நின்றாள்.

ராணி கயிற்றை விட்டபோதே, மூடி விழாமல் மந்திரவாதி அதைத் தாவிப் பிடித்திருந்தான். செண்பகம் எழுந்து நிற்பதைக் கண்டதும் நடுங்கிய கை அவனுடைய கை. மந்திரத்துக்கு ஆள் அடையாளம் தெரியுமா என்ன? பயந்த கை எது என்று தேடிய மந்திரம் அவனையே பிடித்துக்கொண்டது. நடுங்க நடுங்கச் சுருங்கினான். முழமானான், சாணானான், கடைசியில் ஒரு மண்புழுவாகி, மீந்துபோன களிமண்ணுக்குள் புகுந்துகொண்டான். மூடி குதிருக்கு வெளியே விழுந்து மூன்று துண்டாக உடைந்தது. குதிர் இன்னும் முழுதாகக் காயவில்லை. ராணி கீழே இறங்கி வந்து, ஏணிக்குக்கூடக் காத்திருக்காமல், ஈரச் சுவரைத் தன் நகத்தாலேயே பிய்த்து வழிசெய்தாள்.

முத்தாலுவை ராணி பல்லக்கில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினாள். அவள் பிள்ளைகளும் பிள்ளைகளின் பிள்ளைகளும் உள்ளவரை செம்மண்மேட்டு ஏரிக்கரை நிலம் அவர்களுக்கே என்று பட்டயம் எழுதிக் கொடுத்தாள். ஆனால் புறப்படுமுன் இன்னும் ஒரு வேலை இருந்தது. ராணி மகளைத் தூணோரம் நிறுத்தினாள். குங்குமச் சிமிழை முத்தாலு பிடித்துக்கொண்டாள். செண்பகம் மூச்சைப் பிடித்தாள். குதிகால் இரண்டும் மெல்ல மேலே எழும்புவதை முத்தாலுவும் பார்த்தாள், ராணியும் பார்த்தாள்.

இந்தத் தடவை ராணி, காலைக் கீழே வை என்று தலையை அமுக்கவில்லை. எக்கட்டும் என்று விட்டுவிட்டாள். எட்டாவது கோடு ஒரு விரல் அதிகமாகவே விழுந்தது. அவர்கள் அங்கே வளர்ந்தார்கள், கதை இங்கே வளர்ந்து நம்மிடம் வந்து சேர்ந்தது.