எமனை நடக்கவிட்ட முடி

பழனியில் முடி இறக்குவதுதான் என் பிழைப்பு. அழுகிற தலை, தூங்குகிற தலை, போன் பேசுகிற தலை எல்லாம் பார்த்திருக்கிறேன். புளுகுகிற தலையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கறுப்புச் சட்டை, அதில் மண்டையோடு, இடுப்பு வரைக்கும் முடி. கோயம்புத்தூர்ப் பையன், ஹெவி மெட்டல் என்கிற இரைச்சல் பாட்டுக்குக் கிதார் வாசிக்கிறவன். பெயர் கேட்டதற்கு "டெவில் டாண்டி" என்றான். கூடவே அவன் அம்மா, தேங்காய்ப் பையோடு. வரிசையில் பின்னால் நின்ற உடுமலைப் பக்கத்துத் தக்காளி வியாபாரி மயில்சாமி, அது என்ன பாட்டு என்று தெரியாமல் கேட்டுவிட்டார். அவ்வளவுதான், அவிழ்த்துவிட்டான்.

"பாட்டில்லீங்க, பூகம்பம். பொள்ளாச்சியில ஒரு கம்பியத் தட்டுனேன். சுத்துப்பட்டு ஊர்ல தேங்காயெல்லாம் தானா உதிந்துருச்சு. மரமேறி எல்லாம் என்னைக் கண்டா சண்டைக்கு வர்றாங்க."

மயில்சாமி தலையாட்டினார். தேங்காய் வரைக்கும் அவருக்கு ஆட்சேபணை இல்லை.

"முடியச் சுழட்டித்தாங்க எங்க ஆட்டமே. உடுமலையில நான் சுழட்டுன காத்துல, நின்னு கெடந்த காத்தாலையெல்லாம் ஓடி ஊரு பூரா கரண்ட் வந்துச்சு."

"எங்கூர்ல மட்டும் வரலீங்களே தம்பி?"

"அன்னிக்கு எனக்குக் கழுத்துச் சுளுக்குங்க."

அடுத்து கொள்கைக்கு வந்தான். சாமியில்லை, பூதமில்லை, எமகண்டம் பார்த்துத்தான் கிதாரையே தொடுவானாம். ஒருநாள் சாத்தானே காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வந்து, நரகத்தில் எண்ணெய்ச் சட்டியெல்லாம் கவிழ்கிறது, கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள் என்று கும்பிட்டானாம். இவன் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டானாம்.

"எமனும் வந்தாருங்க. வாசிப்பக் கேட்டதும் அவரோட எருமை எங்க குழுவுல சேந்துக்கிச்சு. இப்ப அதுதான் பாடுது. பாவம், அவரு நடந்தே வீட்டுக்குப் போனாரு. இந்தத் தலை எவனுக்கும் குனிஞ்சதில்லீங்க."

"பாடறது எருமைதானா? அதான பாத்தேன்" என்றார் மயில்சாமி.

அதற்குள் அவன் முறை வந்துவிட்டது. சாமியில்லாதவர் எதற்குச் சீட்டு வாங்கினீர்கள் என்று கேட்டேன். ஆராய்ச்சிக்கு வந்தேன் என்றான். அம்மா பையைக் கீழே வைத்தார்.

"பெங்களூர்ல பெரிய மேடை கெடைக்கோணும்னு இவனேதானுங்க வேண்டிக்கிட்டான். கெடைச்சிருச்சு. வர்ற சனிக்கிழமை கச்சேரி."

"முடி குடுக்கறதாவா வேண்டுனாரு?" என்றேன்.

"முழு மொட்டைங்க."

மயில்சாமி சிரிக்கவில்லை. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. முடியைச் சுழற்ற மேடை கேட்டவன், மேடைக்கு அந்த முடியையே விலை பேசியிருக்கிறான். மனுசனைத் தவிர வேறு எந்தப் பிறவிக்கும் இந்தப் புத்தி வராது. பையன் என் காதருகே வந்தான்.

"அண்ணா, பொம்பளைங்களுக்குக் கொஞ்சமா நுனியில கத்தரிப்பீங்களே, பூமுடி. அது மாதிரி எடுத்தாப் போதாதுங்களா? சனிக்கிழமை நான் எதைச் சுழட்டறது?"

"எமனையே நடக்கவிட்டவரு நீங்க. முருகனுக்குப் போய் பயப்படறீங்களே?"

"அவன்கிட்ட வெளையாடக் கூடாதுங்ண்ணா. குடுத்த மேடையப் புடுங்கிக்குவான்."

அன்றைக்கு அவன் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான். தலையில் தண்ணீர் விட்டேன். யாரும் சொல்லாமலே குனிந்தான்.

பாதித் தலை ஆயிற்று. பிறகு மெல்ல நிமிர்ந்தான்.

"பாருங்க, சனிக்கிழமை மேடை லைட்டு இந்த மண்டையில பட்டுச்சுன்னா பெங்களூர்ல விடியறதுக்குச் சூரியனே வர வேண்டியதில்ல."

"பேசாமக் குனிடா தண்டபாணி," என்றார் அம்மா. "காது அறுந்துரும்."