கிளியின் காதுக்கு எட்டாத பேர்

மருதங்காட்டுக் குளத்தில் துழாவன் என்றொரு நீர்நாய் இருந்தது. குளக்கரையில் செதிலி என்றொரு அழுங்கு, அதாவது எறும்புத்தின்னி, வளை தோண்டி வாழ்ந்தது. உடம்பெல்லாம் செதிலாக இருந்ததால் அந்தப் பேர். சிறு வயதிலிருந்தே இரண்டும் உயிர்ச் சினேகிதர்கள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எதையாவது கண்டுபிடித்தவர் குளத்துப் பாறையில் ஏறி எல்லோருக்கும் சொல்லவேண்டும். அதைப் பயன்படுத்துகிறவர், பயன்படுத்தும்போதெல்லாம் "இன்னார் சொன்னபடி!" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

ஒரு கோடையில் வெயில் கொளுத்தியது. குளத்தின் ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நின்றது. புலி அரசர் கிளியைக் கூப்பிட்டார்.

"எல்லோருக்கும் தண்ணீர் போதாது. கண்டுபிடித்தவர்களில் யார் பேர் எவ்வளவு கேட்கிறது என்று எண்ணு! எண்ணிக்கையில் கடைசியாக வருகிறவர் வேறு காடு பார்த்துக்கொள்ளட்டும்!"

கிளி ஆலமரத்து உச்சியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டது.

துழாவனுக்கு ஒரே கொண்டாட்டம்! மீன் எங்கே கூடும் என்பதுதான் அது அண்மையில் கண்டுபிடித்த ஒரே விஷயம். அதையே காலை மீன், மாலை மீன், மப்பு நாள் மீன் என்று பிய்த்துப் பிய்த்துப் பாறையில் சொல்லியிருந்தது. கொக்கும் மீன்கொத்தியும் கிளைக்குக் கிளை "துழாவன் சொன்னபடி!" என்று கத்தின. போதாக்குறைக்குக் குரங்குகளோடு ஓர் ஒப்பந்தம் வேறு.

"நாவல்பழம் தின்னும்போது நான் உங்க பேரைச் சொல்றேன். தண்ணி குடிக்கும்போது நீங்க என் பேரைச் சொல்லுங்க!"

நீர்நாய் எந்தக் காலத்தில் நாவல்பழம் தின்றது? யாரும் கேட்கவில்லை.

கிளி முடிவைச் சொன்னது. "துழாவன்தான் முதல்! செதிலி பேரை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை!"

"பொழுது சாய்வதற்குள் செதிலி கிளம்பட்டும்!" என்றார் புலி.

செதிலி கிளம்பி நடந்தது. துழாவன் பின்னாலேயே ஓடியது. "நீயும் நாலு பேரைப் பிடிச்சு உன் பேரைச் சொல்லச் சொல்லியிருக்கலாமே!"

"பேருக்காகவா நாம அன்னிக்குப் பாறையில ஏறினோம்?" என்றது செதிலி.

துழாவனுக்கு அந்த நாள்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மழை ஓய்ந்ததும் ஒன்று தண்ணீருக்குள் முங்கும், மற்றது மண்ணுக்குள் புகும். கண்டதைச் சொல்ல இரண்டும் மூச்சிரைக்கப் பாறைக்கு ஓடிவரும்.

"மருத வேர்தான் தண்ணிக்குள்ள கரையைக் கட்டிப் பிடிச்சிருக்கு!" என்றது ஒருநாள் துழாவன்.

"அப்ப அந்த வேருக்கடியில வளை தோண்டினா இடியவே இடியாதே!" என்று துள்ளியது செதிலி.

பிறகு இரண்டும் தரையில் காதை வைத்துப் படுத்துக்கொள்ளும். மண்ணுக்குள் யார் என்ன பேசுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்டுச் சிரிக்கும். அப்போது எண்ணுவதற்கு எந்தக் கிளியும் இல்லை. எவ்வளவு நல்ல காலம் அது!

அந்த ஞாபகத்தில் துழாவன் மருதமரத்தடியில் காதை வைத்துப் படுத்தது. படுத்த வேகத்தில் துள்ளி எழுந்தது.

"அரசே, ஓடி வாங்க! கிளியக்கா, நீயும் இறங்கி வா!"

புலி தரையில் காதை வைத்தார். கிளியும் வைத்தது. வெயில் தாங்காமல் முள்ளம்பன்றியும் கீரியும் எலிகளும் உள்ளே வளையை ஆழமாக்கிக்கொண்டிருந்தன. மண்ணைத் தள்ளும்போதெல்லாம் ஒரு குரல் எழுந்தது.

"செதிலி சொன்னபடி! துழாவன் சொன்னபடி!"

"ஐயோ, நான் மரத்து மேலேயே இருந்துட்டேனே!" என்று கிளி தலையைச் சிறகுக்குள் புதைத்துக்கொண்டது.

"செதிலி இங்கேயே இருக்கட்டும்! எண்ணியது போதும், தண்ணீரை முறை வைத்துக் குடியுங்கள்!" என்றார் புலி.

துழாவன் செதிலியிடம் மெல்லக் கேட்டது. "என் பேரையும் ஏன் சொல்றாங்க?"

"வேரைப் பத்திச் சொன்னது நீதானே! ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் சொல்லணும்னு அன்னிக்கே சொல்லிவெச்சேன். நீதான் மறந்துட்டே."

குரங்குகள் அத்தனை முறை கத்தியும் வராத சந்தோஷம் துழாவனுக்கு இப்போது வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

பேர் எத்தனை தடவை காதில் விழுந்தது என்று எண்ணி ஒருவரின் உழைப்பை அளக்கக்கூடாது. அது யாருக்குப் பயன்படுகிறது என்று இறங்கிப் போய்க் கேட்கவேண்டும்.