ஒற்றைக்கால் ஆணை

முன்னொரு காலத்தில், இடுப்புப் பிடித்துக்கொண்ட மன்னர் ஒருவர் இருந்தார். யோக ஆசான் பரமதேசிகர் அவருக்குத் திருகுபிறை ஆசனம் கற்றுக்கொடுத்தார். ஒற்றைக் காலில் குனிந்து, மறுகாலைப் பின்னால் நீட்டி, ஒரு கையைத் தரையில் ஊன்றி, உடம்பைத் திருகி, மறுகையை மேலே தூக்க வேண்டும். பத்தே நாளில் இடுப்பு இளகியது, நன்றாகப் பசித்தது, நடையிலும் தள்ளாட்டம் இல்லை. மன்னருக்குத் தலைகால் புரியவில்லை.

"நாளை விருந்து முடிந்ததும் அரண்மனையில் உள்ள அனைவரும் இதைச் செய்ய வேண்டும். மறுப்பவர் நாடு கடத்தப்படுவர்" என்றார்.

நாடு கடத்தும் யோசனை ஆசானுடையது. மன்னருக்குப் பிரியமான அரசவை விகடகவி சடையன்மேல் அவருக்குப் பொறாமை; சடையனுக்குத் தலைசுற்றல் உண்டு என்றும் நன்றாகத் தெரியும்.

சடையனுக்குச் சூழ்ச்சி புரிந்தது. ஆனால் அவன் மனம் கொதித்தது, சாமரம் வீசும் நாச்சியை நினைத்து. அவள் ஏழு மாதக் கர்ப்பிணி.

"விழுந்தா பிள்ளைக்கு ஆபத்து, மறுத்தா ஊரை விட்டே போகணும். நான் என்ன செய்ய அண்ணே?"

"நீ நேரா நில்லு தாயி. பக்கத்துல நானும் நிக்கிறேன்."

மறுநாள் ஆசான் அரியணைக்கு எதிரே வந்து ஆசனத்தைச் செய்து காட்டினார். வயிறு முட்ட உண்டிருந்த சபையோர் முனகிக்கொண்டே குனிந்தார்கள். சடையனும் நாச்சியும் மட்டும் நிமிர்ந்து நின்றார்கள்.

"என்ன துணிச்சல்!" என்றார் மன்னர்.

"மன்னா, உண்ட வயிற்றோடு இதைச் செய்யலாகாது. தலைசுற்றல் உள்ளவர், முதுகில் அடிபட்டவர், கர்ப்பிணி எவரும் செய்யலாகாது. தங்கள் ஆணையே ஆனாலும் செய்ய மாட்டோம்."

"அப்படியானால் வெளியேறு!"

"புறப்படுகிறேன். ஆனால் அரியணையை நோக்கிப் பாதம் நீட்டுபவனுக்கும் நாடு கடத்தலே தண்டனை என்பது தங்கள் பாட்டனார் வகுத்த நெறி. வழித்துணைக்கு ஆசானையும் அனுப்பி வையுங்கள்."

எல்லோரும் பார்த்தார்கள். தம் திறமையைச் சபை முழுதும் காண வேண்டுமென்று ஆசான் சபையைப் பார்த்து நின்றிருந்தார். பின்னால் நீட்டிய பாதம் மன்னரின் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. விஷயம் புரிந்ததும் ஆசான் பொத்தென்று விழுந்தார்.

மன்னர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இரண்டு தண்டனையும் ரத்து! இனி உடம்பு ஒத்துழைப்பவர் மட்டும், வெறும் வயிற்றில், சுவரோரமாக நின்று செய்யட்டும். சடையா, உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"ஒரு முக்காலி, மன்னா. நாச்சி உட்கார்ந்து வீசட்டும்."

மன்னரைத் தவிர எவரும் உட்காராத அந்தச் சபைக்கு அன்றே முக்காலி வந்தது. அதைத் தூக்கி வந்தவர் பரமதேசிகர்.