செண்பகவல்லி வீட்டு வாஷிங் மெஷின் நடந்த கதை

படுத்தாச்சா? காலை நீட்டு. தலையணையைக் கட்டிப் பிடிச்சுக்கோ, என் கையைப் பிடிச்சு இழுக்காத. அத்தைக்குக் கை வலிக்குது. ம், இப்பக் கேளு.

ஒரு ஊர்ல ஒரு வாஷிங் மெஷின் இருந்துச்சாம். அதுக்கு நாலு காலு. நாலு காலு இருக்குறது எதாவது நின்ன எடத்துலயே நிக்குமா? ஆடு நிக்குதா? மாடு நிக்குதா? அதனால அதுவும் நடந்துச்சாம்!

எந்த ஊருன்னு கேக்குறியா? கோவில்பட்டின்னு வச்சுக்கோ. அங்க ஒரு மாடி வீட்டுல செண்பகவல்லின்னு ஒருத்தி வாடகைக்கு இருந்தா. அவ புருஷன் சுடலைமணி, கொத்தனாரு. கொத்தனாரு சட்டை எப்படி இருக்கும் தெரியுமா? சிமென்ட்டும் மணலும் அப்பி, கழட்டி வச்சா தானா நிக்கும். அதைக் கல்லுல போட்டு அடிச்சு அடிச்சுத் துவைச்சா. அதுக்கு மேல சிக்குன்குனியா காய்ச்சல் வேற வந்துச்சு. பாவம், விரலே மடங்காமப் போச்சு. ஒரு கர்ச்சீப்பைப் பிழிஞ்சாக்கூட வலி உயிர் போகும். அப்புறந்தான் அந்த மெஷின் வீட்டுக்கு வந்துச்சு. மேல மூடியைத் தொறந்து துணியைப் போடுற மெஷினு. அது வந்த அன்னிக்கு இவ அதைக் கட்டிப் பிடிச்சு அழுதாளாம். சிரிக்காத ஏட்டி. கை வலிச்சவளுக்குத்தான் அது தெரியும்.

"ம்."

துவைக்கும்போதெல்லாம் மெஷின் சளப்பு, சளப்பு, சளப்புன்னு அடக்க ஒடுக்கமா இருக்கும். அப்புறம் தண்ணியை வடிச்சுட்டுத் துணியைப் பிழியச் சுத்தும் பாரு, அப்பத்தான் அதுக்குச் சாமி வரும். டக்... டக்... டடக் டடக்... டமார் டமார் டமார்! தத்தித் தத்தி நடந்து வந்து குளிக்கிற ரூம் கதவுல முட்டிக்கிட்டு நிக்கும். ஒரு நாள் சுடலைமணி உள்ள குளிச்சுக்கிட்டு இருக்கான். மெஷின் வந்து கதவை அடைச்சிருச்சு. "கதவைத் தொறட்டி, தொறட்டி!"ன்னு அவன் சோப்பு நுரையோட உள்ள கத்த, இவ வெளிய நின்னு மெஷினைத் தள்ள, வேலைக்குப் போற நேரம் தப்பிப் போச்சு.

கீழ் வீட்டுல வீட்டுக்காரம்மா பிச்சம்மா ஆச்சி. அவுக ஒரு செவ்வாய்க்கிழமை காலையில முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டுத் தட் தட் தட்டுன்னு படியேறி வந்தாக.

"ஏட்டி செண்பகம், என் தலைக்கு மேல கல்லா ஒடைக்க?"

"இல்ல ஆச்சி. துணி பிழியுது."

"துணியா பிழியுது? என் உசுரைப் பிழியுது. இங்க பாரு, என் பேத்தி ஈஸ்வரி பிள்ளை பெத்துட்டு வெள்ளிக்கிழமை இங்க வாரா. பச்சப்பிள்ளை. உன் மெஷின் ஆடி அது முழிச்சுதுன்னா, அன்னிக்கே இந்த மெஷினு வீட்டை விட்டு எறங்கிரணும். பிறவு கல்லுலயே துவைச்சுக்கோ."

சொல்லிட்டுப் போயிட்டாக. செண்பகம் தன் விரலைப் பாத்தா, மெஷினைப் பாத்தா. செவ்வாய், புதன், வியாழன். மூணே நாளு.

"ம்."

அப்போ சுடலைமணி என்ன சொன்னான்? "இது ஒரு பெரிய விஷயமா? ஒரு காலு லேசா தூக்கிட்டு நிக்கு. அட்டையை மடிச்சு அடியில குடுத்தா ஆட்டம் போயிரும்"னான். வீட்டுல இருந்தது போன வருஷத்து தினசரி காலண்டர் அட்டை ஒண்ணு. அதுல முருகர் படம். சாமியைக் கொண்டு போயி மெஷின் காலுக்கடியில வைக்கலாமா? செண்பகம் படத்தைப் பக்குவமா உரிச்சு எடுத்து அலமாரியில வச்சுட்டு, வெறும் அட்டையை நாலா மடிச்சுக் குடுத்தா. மெஷினைப் போட்டா. சளப்பு, சளப்பு... அடடா, அசையலையே! தண்ணி வடிஞ்சுது. அந்தத் தண்ணியில அட்டை நனைஞ்சுது. நனைஞ்ச அட்டை கூழாப் போச்சு. டடக் டடக் டமார் டமார்! மெஷின் பழையபடி கதவுக்கிட்ட.

புதன்கிழமை அவன் இன்னொரு யோசனை சொன்னான். "மேல பாரம் இல்லாமத்தான் துள்ளுது. ஆட்டுக்கல்லு குழவியைத் தூக்கி வையி." எனக்கு இந்த ஆம்பளைங்க யோசனையைக் கேட்டா அப்படியே பத்திக்கிட்டு வரும். காவடி தூக்கிட்டு ஆடுறவரு பாரமா இருக்குன்னு ஆடாம நின்னாரா? சொல்லு!

"நிக்கல."

நிக்கலைல? அதே கதைதான். குழவியைத் தூக்கி மூடி மேல வச்சாங்க. மெஷின் ஒரு துள்ளு துள்ளுச்சு, குழவி ஒரு உருளு உருண்டுச்சு. தொபீர்! கீழ இருந்த பிளாஸ்டிக் பக்கெட்டு ரெண்டாப் பொளந்துச்சு. நல்லவேளை, யாரு கால்லயும் விழல. கீழேருந்து ஆச்சி குரல் மட்டும் வந்துச்சு: "செண்பகம்!"

அப்புறம் சுடலைமணி கையை விரிச்சுட்டான். "மெஷினே கோளாறு. மாத்திருவோம். எது நல்லதுன்னு நாலு வீட்டுல போயிப் பாத்துட்டு வா"ன்னான். சரின்னு வியாழக்கிழமை காலையில செண்பகம் தெருவுல எறங்குனா.

முதல்ல போஸ்ட்மேன் வீட்டு ஜெயராணி. அவ மெஷின்ல ரெண்டு தொட்டி. ஒண்ணுல துவைக்கும், இன்னொண்ணுல பிழியும். "இது ஒரு ஓரமா நிக்கும் மதினி, ஒரு வம்பு கிடையாது. ஆனா துவைச்ச துணியை நாமதான் அள்ளி அடுத்த தொட்டியில போடணும்"னா. செண்பகம் ஒரு ஈரப் போர்வையைத் தூக்கிப் பாத்தா. ஸ்ஸ்... ஆஆ! விரல்ல சுரீர்னு வலி. இது நமக்கு ஆகாதுன்னு வந்துட்டா.

ரெண்டாவது மருந்துக்கடைக்காரர் வீடு. அந்த மெஷின்ல நட்ட நடுவுல ஒரு கம்பம். "அழுக்கு அப்படியே ஓடிப் போகும்"னு அவரு வீட்டம்மா பெருமையா மூடியைத் தொறந்து காட்டுனாங்க. உள்ள பாத்தா மூணு சேலையும் கம்பத்தைச் சுத்திச் சடை பின்னிக் கெடக்கு. அதைப் பிரிக்க அந்தம்மாவே கால் மணி நேரம் இழு இழுன்னு இழுத்தாங்க. செண்பகம் கையை முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டு வெளிய வந்துட்டா.

மூணாவது எஸ்தர் டீச்சர் வீடு. அங்க இருந்தது யாரு? அச்சு அசலா இவ வீட்டு மெஷினேதான்! அதே நெறம், உள்ள அடியில சுத்துற அதே தட்டு. அது ஒரு ஜமுக்காளத்தைப் பிழிஞ்சுக்கிட்டு இருக்கு, ஆனா நின்ன எடத்தை விட்டு ஒரு நூல் நகரல.

செண்பகத்துக்குப் பொறாமையே வந்துருச்சு. "டீச்சர், என் மெஷின் ஜமுக்காளம் போட்டாத்தான் ரொம்ப ஆடும். உங்களுது எப்படி டீச்சர்?"

"நீ ஜமுக்காளத்தோட வேற என்ன போடுவ?"

"ஒண்ணும் போட மாட்டேன். சாயம் போகும்ல? தனியாத்தான் போடுவேன்."

"அங்கதான் தப்பு. ஒத்தை ஜமுக்காளம் ஈரத்துல ஒரு பக்கமாச் சுருண்டு ஒக்காந்துக்கும். மறுபக்கம் பாரம் வேண்டாமா? எதிர்த்தாப்புல ரெண்டு பழைய கருப்புப் பேன்ட்டைப் போடு. சாயம் ஏறுனாலும் தெரியாது. எதையும் ஒரே மூலையில அமுக்காத, சுத்தி வர பரப்பிப் போடு. அது சரி, மெஷின் நிக்குற தரை மட்டமா இருக்கா?"

"எங்க வீட்டு அவுகளே போட்ட தரை டீச்சர். ஒரு குத்தம் சொல்ல முடியாது."

"எதுக்கும் ஒரு தடவை பாத்துரு"ன்னாங்க டீச்சர்.

"ம்."

தூக்கம் வருதா? இரு, இப்பத்தான் சண்டை வருது. வீட்டுக்கு வந்து "ஏங்க, நம்ம தரை மட்டமா?"ன்னு கேட்டா. அவ்வளவுதான், சுடலைமணிக்கு மூக்கு மேல கோவம். ஆச்சிக்கு அந்த வீட்டுத் தரையைப் போட்டுக் குடுத்ததே அவன்தான். "என் தரையவா குத்தம் சொல்லுத? ஒரு சொம்புத் தண்ணியை ஊத்துதேன் பாரு. ஒரு சொட்டு தங்குதான்னு பாரு!" அவனே சொம்பைத் தூக்கி மளமளன்னு ஊத்துனான். தண்ணி சரசரன்னு ஓடி, மெஷினுக்கு அடியில பூந்து, மறுபக்கம் வந்து, ஓட்டைக்குள்ள களக்குனு போயிருச்சு. ஒரு சொட்டு தங்கல.

"பாத்தியா?"ன்னான், நெஞ்சை நிமித்திக்கிட்டு.

செண்பகம் மெதுவா கேட்டா. "ஏங்க, தண்ணி அப்படி ஓடுதுன்னா தரை ஒரு பக்கம் சாஞ்சுல்ல இருக்கணும்?"

அவன் குனிஞ்சு தரையைப் பாத்தான். தண்ணி ஓடணும்னு அவன்தானே வாட்டம் குடுத்துச் சரிவாப் போட்டான்! தண்ணிக்கு அந்தத் தரை ரொம்பச் சரி. மெஷினுக்குத்தான் ஆகாது. ஊர்ல யாரு வீட்டுச் செவரு கோணல்னு பாக்குற மனுஷன், தன் வீட்டு மெஷினு கோணலா நிக்குறதை மூணு மாசமா அளந்து பாக்கல.

அப்புறம் தன் வேலைப் பையைத் தொறந்து ரசமட்டத்தை எடுத்தான். ரசமட்டம்னா, ஒரு கட்டை மாதிரி இருக்கும். அதுல ஒரு கண்ணாடிக் குழா, உள்ள தண்ணி, தண்ணிக்குள்ள ஒரு குமிழி. குமிழி நடுவுல நின்னா மட்டம், ஓரத்துக்கு ஓடுனா கோணல். மெஷின் தலையில வச்சான். குமிழி விறுவிறுன்னு ஒரு ஓரத்துக்கு ஓடிருச்சு. அந்த மெஷின் காலைத் திருகுனா ஒசரும், தாழும்; ஒவ்வொண்ணாத் திருகுனான். கிர்ர்க்... கிர்ர்க்... குமிழி கொஞ்சம் நகந்துச்சு. கிர்ர்க்... இன்னும் கொஞ்சம். கிர்ர்க்... நட்ட நடுவுல வந்து ஒக்காந்துருச்சு! எதிரெதிர் மூலையை அமுக்கிப் பாத்தான், அசையல. கால் மறுபடி எறங்கிராம நட்டை நல்லா முறுக்கி விட்டான். செண்பகம் ஜமுக்காளத்தைப் போட்டா, எதிர்த்தாப்புல ரெண்டு கருப்புப் பேன்ட்டைப் போட்டா, மெஷினைப் போட்டுட்டுக் கண்ணைப் பொத்திக்கிட்டா.

சளப்பு, சளப்பு, சளப்பு. தண்ணி வடிஞ்சுது. சுத்த ஆரம்பிச்சுது. ர்ர்ர்ர்... ர்ர்ர்ர்ர்ர்ர்...

அவ்வளவுதான். வேற சத்தமே இல்ல. செண்பகம் விரல் வழியா எட்டிப் பாத்தா, மெஷின் வச்ச எடத்துல நிக்குது. சுடலைமணி தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "தரை என்னமோ சரியாத்தான் இருக்கு"ன்னான். விட்டுக் குடுக்க மாட்டானே!

"ம்..."

வெள்ளிக்கிழமை வந்துச்சு. பிள்ளையும் வந்துச்சு. வந்ததுலருந்து வீல் வீல்னு ஒரே அழுகை. பால் குடுத்தாங்க, நிக்கல. தொட்டில்ல போட்டு ஆட்டுனாங்க, நிக்கல. ஆச்சி தோள்ல போட்டு நடையா நடந்தாக, ம்ஹூம். மேல செண்பகம் மெஷின் பக்கமே போகல. ஆனா சுடலைமணிக்கு மறுநாள் போட்டுக்க ஒரு சட்டை இல்ல. என்ன செய்வா? ராத்திரி பதினோரு மணிக்குப் பிள்ளையாரை வேண்டிக்கிட்டு மெஷினைப் போட்டுட்டா.

துவைச்சு முடிச்சுச் சுத்த ஆரம்பிச்சுது. ர்ர்ர்ர்... கீழ அழுகை நின்னுருச்சு. ஐயோ, ஆச்சி காதைத் தீட்டிக்கிட்டு நிக்காகளோன்னு இவ படிக்கிட்ட போயி எட்டிப் பாத்தா. மெஷின் வேலையை முடிச்சு, டிங் டிங் டிங்னு நின்னுச்சு. உடனே கீழ, ங்ஙே! வீல்! தட் தட் தட்டுன்னு படியில காலடி.

செண்பகம் ஓடிப் போயி மெஷினைக் கட்டிக்கிட்டா. "ஆச்சி, ஆடல ஆச்சி! சத்தியமா ஆடவே இல்ல! இதை எடுக்கச் சொல்லாதீங்க, என் கை தாங்காது ஆச்சி!" கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வருது.

ஆச்சி மூச்சு வாங்க நின்னாக. "ஆடலன்னு எனக்குத் தெரியாதா? எதுக்குட்டி நிப்பாட்டுன?"

"ஆச்சி?"

"காலையிலருந்து கத்துன பிள்ளை, மேல ர்ர்ருன்னு கேட்டதும் கண்ணை மூடிருச்சு. நீ நிப்பாட்டுன, முழிச்சிருச்சு. போடுட்டி மெஷினை!"

"அழுக்குத் துணி தீந்துருச்சே ஆச்சி!"

ஆச்சி விடுவாகளா? தட் தட் தட்டுன்னு எறங்கிப் போயி, பிள்ளைத் துணி ஒரு கூடை, தன் போர்வை ரெண்டு, துவைச்சு மடிச்சு வச்சிருந்த சேலை மூணு, எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வந்தாக. "நீ தள்ளு, உன் கைக்கு ஆகாது"ன்னு தானே ஒவ்வொண்ணா உள்ள போட்டாக, மூடியையும் சாத்துனாக. செண்பகம் ஒத்தை விரலால பிழியுற பட்டனைத் தொட்டா.

ர்ர்ர்ர்ர்... ர்ர்ர்ர்ர்ர்ர்... ர்ர்ர்ர்ர்ர்ர்ர்ர்...

கீழ பிள்ளை தூங்கிருச்சு. ஈஸ்வரி தூங்கிட்டா. மெஷின் மேல கையை வச்சுக்கிட்டே ஆச்சியும் ஸ்டூல்ல ஒக்காந்தபடி தூங்கிட்டாக.

துணி காஞ்சுது, கதை ஓஞ்சுது. கண்ணை மூடு, ராசாத்தி.