மதகை மூடிவிட்டு அறம் பாடிய ராசா

மலைக்கு இந்தப் பக்கம் ஒரு ஊரு, அந்த ஊருக்கு ஒரு ராசா. உம் கொட்டுங்க, அப்பத்தான் சொல்லுவேன். அந்த ராசாவுக்குத் திடீர்னு பக்தி முத்திப்போயி, சாமியையும் நல்ல குணத்தையும் பத்தி நூறு பாட்டு எழுதினான். எழுதினவன் சும்மா இருந்தானா? "நூறையும் ஒப்பிச்சாத்தான் வயலுக்குத் தண்ணி"ன்னு தமுக்கடிச்சுட்டான்.

ஊரே பயந்து ஒப்பிச்சுது, ஒச்சாயி மட்டும் மாட்டேன்னுட்டா. ஒண்டிக்கட்டை, இருக்கிறது ஒரு துண்டு வயலு, நாத்து மஞ்சளாகி நிக்குது. "சாமிப் பாட்டு தானா வரணும், மதகைக் காட்டி மிரட்டினா வராது"ன்னா. அவ வாய்க்கால் மதகு மூடியே கெடந்துச்சு.

அப்புறம் கோயில்ல அந்த நூறு பாட்டுக்கும் அரங்கேத்தம் வந்துச்சு. அங்க ஒரு வழக்கம். பாட்டுக்கு யாரு வேணா அர்த்தம் கேக்கலாம், கேட்டவங்க ஒத்துக்கிட்டாத்தான் ஏடு சாமி காலடிக்குப் போகும். ராசான்னாலும் அப்படித்தான்.

ராசா பாடினான்: "தாகம் தணிப்பதே தலையாய பூசை."

ஒச்சாயி எந்திரிச்சா. "அர்த்தம் சொல்லுங்க மகாராசா."

"தவிச்சவங்களுக்குத் தண்ணி கொடு. இதுகூடவா தெரியல?"

"தெரியுது. எம் மதகு ஏன் மூடியிருக்கு?"

ராசா செருமிக்கிட்டு அடுத்ததைப் பாடினான்: "சொன்னசொல் காப்பவன் சாமிக்குச் சொந்தம்."

"அர்த்தம் சொல்லுங்க மகாராசா. முடிசூட்டுன அன்னிக்கு ஆத்துத்தண்ணி எல்லாருக்கும் பொதுன்னீங்களே?"

ராசா முகம் செவந்து மூணாவதைப் பாடினான்: "கோபம் கொண்டவன் கோயிலிலும் குருடன்." ஒச்சாயி எந்திரிச்சாளோ இல்லையோ, "அவ நாக்கை அறுங்கடா!"ன்னு கத்திட்டான்.

"பாடின வாய் இன்னும் மூடலையே மகாராசா"ன்னா ஒச்சாயி. சனம் சிரிச்சுது, சேவகனுங்களும் சிரிச்சானுங்க, ஒருத்தனும் கத்தியைத் தொடல.

பூசாரி ஏட்டைத் திருப்பி நீட்டினாரு. "கேட்டவ ஒத்துக்கல. எடுத்துட்டுப் போங்க."

ராசாவுக்கு மானமே போச்சு. விறுவிறுன்னு நடந்து, பட்டுவேட்டியோட வாய்க்கால்ல எறங்கி, மதகுப் பலகையை இழுத்தான், வரல, இழுத்தான், வரல, மூச்சைப் பிடிச்சு இழுத்தான், பலகையோட சேத்துல மல்லாந்து விழுந்தான். தண்ணி அவன் மேல ஏறி ஒச்சாயி வயலுக்கு ஓடுச்சு.

கரையில நின்ன ஒச்சாயி கைகூடக் கொடுக்கல.

"இப்பப் புரிஞ்சுது மகாராசா, முதல் பாட்டுக்கு அர்த்தம். எந்திரிங்க, இன்னும் தொண்ணூத்தொம்பது இருக்கு."

அவ நாத்து பச்சையாச்சு, ராசா பட்டு சேறாச்சு, எங் கதை கரையேறியாச்சு. படுங்க.