மரத்தவளையும் சிவப்பு விளக்கும்

குளத்தோரத்து நீர்மருத மரத்தில் ஒரு மரத்தவளையும் ஒரு சிலந்தியும் இருந்தன. மழை பொய்த்துக் குளம் வற்றியபோது தவளையின் துணைவன் தண்ணீர் தேடி மலைக்கு அப்பால் போனான்.

"மழை வரும் நாளன்று காலையில் மூன்று முறை கூப்பிடுவேன். நீ மலைமுகட்டுக்கு ஏறி வா. வரவில்லையென்றால் நீ உயிரோடு இல்லை என்று எடுத்துக்கொண்டு மற்றத் தவளைகளோடு போய்விடுவேன்" என்று சொல்லியிருந்தான்.

மலைக்கு அப்பாலிருந்து கூப்பிட்டால் தவளைக்குக் கேட்காது. ஆனால் அந்த மரத்தில் காட்டு ஆராய்ச்சிக்காரர்கள் கட்டிவைத்த ஒரு பெட்டி இருந்தது. அதற்குள் சின்னஞ்சிறு பேட்டரியும், எட்டுக் கால்களுடன் ஒரு கறுப்பு மின்னணுச் சிப்பும் இருந்தன. எத்தனை மெல்லிய ஒலியானாலும் வாங்கிப் பெரிதாக்குவது சிப்பின் வேலை. தவளைக் குரல் கேட்டால் வெளியே சிவப்பு விளக்கு எரியும்.

சிலந்தி பெட்டிக்குள்தான் குடியிருந்தது. எட்டுக் கால்கள் இருந்ததால் சிப்பைத் தன் இனம் என்றே நினைத்து, அதன் காலில் ஒரு நூலைக் கட்டியிருந்தது. பேட்டரியிலிருந்து இவ்வளவு கொஞ்சமாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு இரவும் பகலும் விழித்திருக்கும் ஒருவனை அது வேறெங்கும் பார்த்ததில்லை.

பெட்டியின் அடியில் ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால், பெட்டி வேலை செய்கிறதா என்று காட்ட அதே விளக்கு எரியும். தவளை முதல் நாள் ஒருமுறை அமுக்கிப் பார்த்தது. மறுநாள் பத்து முறை. பிறகு பொத்தான்மேலேயே உட்கார்ந்துகொண்டது.

"எழுந்திருடி. சிப் ஒரு நாள் முழுக்கக் குடிப்பதை இந்த விளக்கு ஒரு மூச்சில் குடித்துவிடும்" என்றது சிலந்தி.

"எரியும்போது அவன் கூப்பிடுவது போலவே இருக்கிறது, அக்கா."



நான்காம் நாள் விளக்கு மங்கி அணைந்தது. வெயிலில் களைத்திருக்கும், ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று தவளை நினைத்தது. கீழே இறங்கிச் சேற்றுப் பிளவில் ஒடுங்கி, விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் போயிற்று. மேகம் கறுத்திருந்த ஒரு மாலையில் சிலந்தி நூலில் இறங்கி வந்தது.

"காலையில் சிப்பின் காலில் கட்டிய நூல் நடுங்கியது. வலையில் பூச்சி விழுந்ததோ என்று பார்த்தேன், இல்லை. விளக்கும் எரியாததால் பேசாமல் இருந்துவிட்டேன்."

தவளை அசையாமல் கேட்டது. "எத்தனை முறை?"

"மூன்று."

அப்போதுதான் இரண்டுக்கும் புரிந்தது. விளக்கை எரிக்கப் போதாத அந்த மிச்சத்திலும் சிப் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கேட்டதைச் சொல்லத்தான் அதற்கு வலுவில்லை.

தவளை மலைமுகட்டுக்குத் தாவித் தாவி ஏறியது. அங்கே வெறும் பாறைதான் இருந்தது. பாறைமேல் முதல் துளிகள் விழத் தொடங்கின. அது மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தது. மழைச் சத்தம் மட்டும் வந்தது.

ஏக்கத்தை ஆற்றிக்கொள்ளவே தன் வலுவையெல்லாம் செலவழிப்பவர், ஏங்கியது வந்து அழைக்கும்போது கேட்க முடியாதவராகிறார்.